பச்சைக்கு மேல் மஞ்சள்

சாரச் சாமான்களை வாடகைக்கு விடுகிற தொழிலில் பெயர்ப்பலகையைவிடப் பெயிண்ட் டப்பாதான் முக்கியம். கட்டடத்தைச் சுற்றி நிற்கிற இரும்பு பைப்பும், பைப்போடு பைப்பைச் சேர்த்துப் பூட்டுகிற கிளாம்பும் எந்தக் கடையில் எடுத்தாலும் ஒரே அச்சுதான். இரண்டு கடைச் சாமான் ஒரே கட்டடத்தில் கலந்துவிட்டால் பிரிக்கிற அன்றைக்கு அடிதடியாகிவிடும். அதனால் கடைக்கு ஒரு நிறம். சாலை முனையில் இருக்கிற பெரிய கடை பச்சை. அங்கிருந்து நாலு தெரு தள்ளி, முன்பக்கம் தகரக் கொட்டகையும் பின்பக்கம் இரண்டு அறை வீடுமாக இருக்கிற இந்தச் சின்னக் கடை மஞ்சள். கடைக்காரரை எல்லோரும் மஞ்சள்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா வைத்த பெயர் வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும்.

மஞ்சள் அடிக்கிற வேலை அவர் மனைவியுடையது. வாடகைக்குப் போய்த் திரும்புகிற கிளாம்புகளில் சிமெண்ட் அப்பியிருக்கும். சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நட்டு மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பெயிண்ட் வாளியில் முக்கி, பின்கட்டுக் கொடியில் வரிசையாகத் தொங்கவிடுவாள். அதே கொடியின் மறுபாதியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைகள் காயும். காற்று திசை மாறி அடிக்கிற நாளில் ஏதாவது ஒரு சட்டையில் மஞ்சள் பொட்டு விழும். பிள்ளைகள் அழும். கடைச் சாமான் எது, வீட்டுச் சாமான் எது என்று தெரிய வேண்டாமா என்று மஞ்சள்காரர் கேலி பேசுவார். அவர் கேலிக்கு அந்த வீட்டில் சிரிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

நல்ல மனிதர்தான். குடிக்க மாட்டார், கடன் வைக்க மாட்டார், வேலையாளுக்குக் கூலியை நிறுத்தி வைக்க மாட்டார். ஒரே ஒரு பலவீனம், மலிவு. எங்கே என்ன சல்லிசாகக் கிடைக்கிறது என்று அவருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். வீட்டில் ஓடுகிற மின்விசிறி, அவர் ஏறிப்போகிற மோட்டார் சைக்கிள், பின்கட்டுத் தகரக் கதவு எல்லாமே இன்னொருவருக்குத் தெரியாமல் இவருக்கு மட்டும் பாதி விலைக்கு வந்தவை. ஏன் பாதி விலைக்கு வந்தது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் விலை ஏறிவிடும் என்பது அவர் கொள்கை.

அந்த வருஷ மழைக்காலத்துக்கு முன்னால் நாலு மாடிக் கட்டடம் ஒன்றுக்குச் சாமான் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டார். பச்சைக்கடைக்குப் போக வேண்டிய வேலை. வாடகையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லி மடக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தபோது பைப் போதும், பலகை போதும், கிளாம்பு பாதிக்கும் கீழேதான் இருந்தது. புதிதாக வாங்கினால் இந்த வேலையில் வருகிற வாடகை முழுக்க அதற்கே போய்விடும். நாலு நாள் மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமெல்லாம் சொல்லி வைக்க வேண்டுமோ அவர்களிடமெல்லாம் கிளாம்பு வேண்டும் என்று சொல்லி வைத்தார்.

ஐந்தாம் நாள் விடியும்போது மூன்று சக்கர வண்டிக்காரன் ஒருவன் வந்து நின்றான். வாரத்துக்கு ஒரு தரம் பழைய இரும்பு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவன்தான். தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினான். வண்டி நிறையக் கிளாம்பு, எல்லாம் பச்சை. பச்சைக்கடையில் புது மாடல் இறக்குகிறார்கள், பழசையெல்லாம் தள்ளிவிடுகிறார்கள், உருக்கப் போகிற சாமானை உங்களுக்காகத் திருப்பிக்கொண்டு வந்தேன் என்றான். பழைய இரும்பு என்ன விலையோ அதுதான் விலை. அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மஞ்சள்காரர் நம்பினார் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. நம்பிக்கொண்டார். பச்சைக்கடைக்காரரின் நம்பர் அவர் போனிலேயே இருந்தது. ஒரு போன் போட்டு, பழசை விற்கிறீர்களாமே என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தெரிந்துவிடும் என்பதுதான் சிக்கல். இவ்வளவு காலையில் எதற்கு அந்த மனிதரைத் தொந்தரவு செய்ய வேண்டும், பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டு வண்டிக்காரனுக்கு டீ போட உள்ளே போனாள். அவன் டம்ளரைக் கீழே வைத்த பிறகு, அவனோடு சேர்ந்து சாமானைத் தூக்கிக் கொட்டகைக்குள் இறக்கியது அவள்தான்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வானம் மூடிக்கொண்டு நின்றது. புழுக்கம் தாங்கவில்லை. வழக்கமாக முதல் தட்டில் சிமெண்ட் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்; கண்ணில் படாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுவாள். அன்றைக்குத் தட்டவே வேண்டியிருக்கவில்லை. விரல் நகத்தால் கீறினதுமே சிமெண்ட் மாவாக உதிர்ந்தது. ஒன்றில் உள்வளைவு இன்னும் ஈரமாக இருந்தது. நட்டைத் திருகினால் எண்ணெய் விட்ட மரை சுகமாகச் சுற்றியது. ஒன்றில்கூடத் துரு இல்லை. உருக்கப் போகிற சாமான் இப்படி இருக்காது என்று சொல்ல அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கொட்டகையில் பைப் அடுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் ஒன்றை எடுத்துப்போய்க் காட்டினாள். நேற்று ஏதாவது வேலை பிரித்திருப்பார்கள், அங்கிருந்தே நேராகத் தள்ளியிருப்பார்கள் என்றார் அவர்.

“பிரிச்ச வேலையில பூச்சு எப்படிங்க ஈரமா இருக்கும்?” என்றாள். “பூசிக்கிட்டு இருக்கிற இடத்துலதானே ஈரம் இருக்கும்.”

அவர் பைப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “மழை வர்ற மாதிரி இருக்கு. சீக்கிரம் அடிச்சு முடி.”

அவளுக்கு இன்னொரு தரம் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. நாலு மாடி வேலை, அந்த வேலை வந்தால் போடலாம் என்று வைத்திருந்த சமையலறைக் கூரை, பெரியவளுக்குக் கட்ட வேண்டிய பள்ளிப் பணம் எல்லாம் கூடவே வந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து, பச்சையாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாளியில் முக்கினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் கொடி முழுக்க மஞ்சளாகிவிட்டது. இவ்வளவு வேகமாக அவள் என்றைக்கும் வேலை செய்ததில்லை.

சாயங்காலம் பலகை ஏற்ற வந்த லாரி டிரைவர்தான் சேதி சொன்னார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்புக் கட்டடம். காலையில் பூச்சுக்காரர்கள் ஏறி, கலவைச் சட்டிகளை மேலே வாங்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் தட்டில் குறுக்குப் பைப் நழுவிப் பலகையோடு சாய்ந்துவிட்டது. இரண்டு பேர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்கித் தப்பித்துக்கொண்டார்கள். ஒருவர் கீழே செங்கல் குவியல் மேல் விழுந்தார். உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்கிறார்கள். சாரம் பச்சைக்கடையுடையது. கட்டினது நம்ம ரசமட்டம். இதைச் சொல்லிவிட்டு டிரைவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தலைக்குப் பின்னால் கொடியில் கிளாம்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

ரசமட்டம் என்பது சாரம் கட்டுகிறவரின் பட்டப்பெயர். மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் கையில் வைத்திருக்கிற அந்தக் கருவி இல்லாமலே, தூரத்தில் நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பைப் எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவார். எந்தக் கடைச் சாமானாக இருந்தாலும் கட்டுகிற கை அவருடையதுதான். ஒரு கிளாம்பு போதும் என்கிற மூட்டில் அதற்குக் கீழே இன்னொன்றைப் பூட்டுவார். எதற்கு இது, வாடகை ஏறுகிறதே என்று கான்ட்ராக்டர்கள் முணுமுணுத்தால், இருக்கட்டும் என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவரிடம் விளக்கம் வாங்க முடியாது. மஞ்சள்காரரின் மனைவியைத் தங்கச்சி என்றும் மஞ்சள்காரரை மாப்ளே என்றும் கூப்பிடுவார். ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை. கடைக்குச் சாமான் எடுக்க வந்தால் உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்.

அன்றைக்கு ராத்திரி சோறு, பருப்பு, முட்டை. பிள்ளைகள் முட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டன. மஞ்சள்காரர் தன் முட்டையை எடுத்துச் சின்னவன் தட்டில் வைத்தார். பச்சைக்கடைக்கு எத்தனையோ இடத்தில் வேலை நடக்கிறது, இது அந்தச் சாமான்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று தண்ணீர் குடிக்கும்போது ஒரு தரம் கேட்டார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க மழை. விழுந்த சாரத்தை வண்டி வைத்து அள்ளி ஓரமாகக் கொட்டிவிட்டார்கள், எந்த மூட்டில் எத்தனை கிளாம்பு இருந்தது என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. கட்டினவனின் கவனக்குறைவு என்று கான்ட்ராக்டர் போலீசில் சொன்னார். தன் தலைக்கு வந்த பழியை இறக்கிவைக்க அவருக்கு இன்னொரு தலை வேண்டியிருந்தது. ரசமட்டத்தை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ஒரு நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு காலத்தில் அவர் தேதிக்குக் காத்திருந்த மேஸ்திரிகள் இப்போது எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மதியம் அவர் கடைக்கு வந்தார். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது. தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துவட்டவில்லை.

“ஒண்ணு கேக்கறேன் தங்கச்சி,” என்றார். “நான் எத்தனை வருஷமா உங்க கடைச் சாமான்ல கட்டறேன். என்னைக்காவது கீழ் கிளாம்பு போடாம விட்டிருக்கேனா?”

“இல்லண்ணே.”

“அதேதான் நானும் நினைச்சேன். ஆனா பாரு. மேல இருக்கிற ஒண்ணு நழுவினாலும் கீழ ஒண்ணு இருந்தா தாங்கும். தாங்கல. விழுந்திடுச்சு. அப்ப நான் போடலதானே?”

அவர் மடியிலிருந்த துண்டை எடுத்து அவளே அவர் தோளில் போட்டாள்.

“கட்டின அன்னைக்கு எனக்கு லேசா காய்ச்சல். சாயங்காலம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கண்ணை மூடினா, அந்த மூலையில நான் குனிஞ்சு ஸ்பேனரைப் பிடிக்கிறது தெரியுது. மறுபடியும் கண்ணை மூடினா, அது வேற ஏதோ கட்டடம் மாதிரி இருக்கு. என் கையையே என்னால நம்ப முடியல தங்கச்சி.”

மஞ்சள்காரர் இடையில் புகுந்தார். நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நாலு மாடி வேலை ஒன்று வந்திருக்கிறது, நீங்களே வந்து கட்டிக் கொடுங்கள், யார் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரசமட்டம் அவரை நிமிர்ந்து பார்த்தார். சொந்தத் தம்பிகூட வாசலைச் சாத்திவிட்டான், நீங்கள் கூப்பிடுகிறீர்களே மாப்ளே என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. மஞ்சள்காரர் அவசர அவசரமாக எழுந்து போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் யாருக்கும் சோறு போட்டு அவள் பார்த்ததில்லை.

அப்படித்தான் ரசமட்டம் தன்னுடைய சாரத்திலிருந்து போன கிளாம்புகளையே எடுத்து நாலு மாடிக் கட்டடத்தில் பூட்டினார். மஞ்சள் பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. எதற்காகப் பார்க்க வேண்டும்? ஆனால் வேலை நகரவில்லை. ஒரு மூட்டைப் பூட்டிவிட்டு இறங்குவார். பாதி ஏணியில் நின்றுவிடுவார். திரும்பி ஏறிப்போய் அதே நட்டைத் தொட்டுப் பார்ப்பார். கீழே வந்து டீயை வாயில் வைத்ததும் மறுபடி ஏறுவார். சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் சாரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கூட வேலை செய்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஊரில் மஞ்சள்காரருக்கு நல்ல பெயர் கிடைத்தது. எல்லோரும் கைவிட்ட மனிதனுக்குச் சோறு போட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காசு வாங்காமல் அவருக்கு டீ கொடுத்தார் டீக்கடைக்காரர். இதைவிடக் கேவலமான புகழ் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. அதைவிடக் கேவலம், இரண்டு மூன்று நாளில் அவர் அதை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியதுதான். நாம் மட்டும் இல்லையென்றால் அந்த மனிதன் என்ன ஆகியிருப்பான் என்று மனைவியிடமே சொன்னார்.

அன்றைக்குத்தான் அவள் வாயைத் திறந்தாள். தகரத்தில் மழை விழுந்து பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்காத மதியம். சட்டைகள் காயாமல் அறைக்குள்ளேயே தொங்கின. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

“அண்ணன்கிட்ட சொல்லிடலாங்க,” என்றாள்.

என்ன சொல்வது என்று அவர் கேட்டார். அவள் கதவோரம் இருந்த மஞ்சள் பெயிண்ட் வாளியைக் காட்டினாள். அவர் குரலைத் தாழ்த்தி நிறையப் பேசினார். நாம் திருடவில்லை. காசு கொடுத்து வாங்கினோம். திருடினவன் அந்த வண்டிக்காரனோ, அவனுக்குக் கொடுத்தவனோ, அவனை அன்றைக்கு அப்புறம் இந்தப் பக்கமே காணோம். போலீசுக்குப் போனால் நம்மைத்தான் பிடித்து வைப்பார்கள். கடையை மூடினால் பிள்ளைகளை யார் பார்ப்பது? விழுந்த மனிதர் நாம் சொன்னால் எழுந்து நடக்கப் போகிறாரா? சொல்லச் சொல்ல அவருக்கே வேகம் வந்தது. அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. 

“நாம திருடல, சரி,” என்றாள் அவள். “ஆனா தெரியாம வாங்கினோம்னு சொல்லாதீங்க. நீங்க போன் போடல. நான் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துட்டு முக்கினேன். நமக்குத் தெரியும்.”

“நமக்குத் தெரியும்னு யாருக்குத் தெரியும்?” என்றார் அவர். சொன்ன பிறகு தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டிருக்க வேண்டும். எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கு அடியில் பிடித்துக் கருகின வாடை வந்த பிறகுதான் அவள் அடுப்பை அணைத்தாள்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டிருந்தது. ரசமட்டம் காலையிலேயே வந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு. இன்றைக்கு வேலைக்கு வர முடியாது மாப்ளே, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். கான்ட்ராக்டர் ஆள் அனுப்பியிருந்தாராம். தப்பு என்னுடையதுதான் என்று ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வழக்கு சீக்கிரம் முடியும், விழுந்தவர் குடும்பத்துக்கு ஏதோ பணம் தருகிறேன் என்றாராம். உள்ளே போட்டாலும் போடட்டும், இப்படிக் கிளாம்பு போட்டேனா போடவில்லையா என்று அலைவதைவிட, போடவில்லை என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் தூக்கமாவது வரும் என்றார். போவதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தேன் என்றார்.

மஞ்சள்காரர் தரையைப் பார்த்தார். அவர் பேசுவார் என்று அவள் ஒரு மூச்சு விடுகிற நேரம் காத்திருந்தாள். 

“நீங்க போட்டிருந்தீங்கண்ணே,” என்றாள். “கீழ் கிளாம்பு போட்டிருந்தீங்க. ராத்திரி யாரோ கழட்டிட்டாங்க. காலைல அது எங்ககிட்ட வந்துச்சு. ஈரம் காயாம வந்துச்சு. அதைப் பார்த்துட்டே நான் மஞ்சள் அடிச்சேன். இப்ப நீங்க நாலு மாடியில கட்டியிருக்கிறது அதுதான்.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ரசமட்டம் அவளைப் பார்த்தார், மஞ்சள்காரரைப் பார்த்தார். நிஜமா மாப்ளே என்று கேட்டார். மஞ்சள்காரர் ஆமென்று தலையை அசைத்தார். அடிப்பார் என்று நினைத்துத் தோளை ஒடுக்கிக்கொண்டார். ரசமட்டம் அடிக்கவில்லை. அப்படியே பைப் அடுக்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். உதடு கோணியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

“அப்ப நான் போட்டிருக்கேன்,” என்றார். “போட்டிருக்கேன் தங்கச்சி. என் கை மறக்கல.”

பிறகு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லா இருப்பே, புள்ளகுட்டியோட நல்லா இருப்பே, இந்த உசுரைத் திருப்பிக் கொடுத்தே என்றார். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கையை உருவிக்கொண்டு அப்படிச் சொல்லாதீங்கண்ணே என்று அழுதாள். ஸ்டேஷனுக்கு நாங்கள் வந்து சொல்கிறோம், நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்றாள். மஞ்சள்காரர் மறுக்கவில்லை. கொட்டகைச் சாவியைத் தேடினார், சாவி அவர் கையிலேயே இருந்தது.

தெருவில் இறங்கின ரசமட்டம் நாலடி போய்த் திரும்பி வந்தார். அந்தத் தெளிவு போய்விட்டிருந்தது.

“ஸ்டேஷனுக்கு முன்னாடி இன்னொரு இடம் இருக்கு,” என்றார். “போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பூச்சுக்காரரோட சம்சாரம் கால்ல விழுந்து, எல்லாம் என்னாலதான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு முதல்ல மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அப்புறம் எழுந்திரிங்கண்ணே, மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுச்சு. எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லியிருக்கும். இப்ப அதுகிட்ட யார் போய் என்ன சொல்றது?”

மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள்காரர் பழம் வாங்கினார். பழக்காரர் சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்ததை அவர் மனைவி முதல் தடவையாகப் பார்த்தாள். பை கையை இழுத்தது. மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினார்.

பூச்சுக்காரரின் மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். சின்ன வயதுதான். ரசமட்டத்தைப் பார்த்ததும் வாங்கண்ணே என்று நகர்ந்து இடம் விட்டாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்றாவது கட்டிலில் அவள் புருஷன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள், விரல் இடுக்கில் சிமெண்ட் வெளுப்பு இன்னும் போகாமல் தெரிந்தது.

மஞ்சள்காரரின் மனைவிதான் சொன்னாள். வண்டி வந்தது, ஈரம் இருந்தது, போன் போடாதது, முக்கினது எல்லாம். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று நிறுத்தாமல் சொன்னாள். சொல்லி முடித்து, எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லு என்றாள்.  டீ டம்ளருக்குள் ரொட்டித் துண்டு ஊறி உடைந்து அடியில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ரசமட்டத்தின் பக்கம் திரும்பினாள். “அந்தக் கீழ் கிளாம்பு இருந்திருந்தா அவர் விழுந்திருக்க மாட்டாராண்ணே?”

“மாட்டாரும்மா,” என்றார் ரசமட்டம்.

“அந்த ஒண்ணு இருந்திருந்தா?”

“அந்த ஒண்ணு இருந்திருந்தா போதும்.”

அவள் மஞ்சள்காரரைப் பார்த்தாள். அவர் பழப்பையைக் கீழே வைக்கவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் நின்றிருந்தார்.

“அது ஒண்ணு என்ன விலைக்கு வாங்கினீங்க?”

மஞ்சள்காரர் கையிலிருந்த பையைப் பார்த்தார். “ஒண்ணு ஒண்ணா வாங்கலம்மா,” என்றார். “எடைக்கு வாங்கினது. ஒண்ணுக்கு என்ன ஆகுதுன்னு கணக்குப் போட்டாத்தான் தெரியும்.”

தொழில் நாக்கு அதுவாகவே சொல்லிவிட்டது. அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“போட்டுச் சொல்லுங்க,” என்றாள் அந்தப் பெண்.

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியோடு அவர்களைத் தாண்டிப் போனாள். மஞ்சள்காரர் பழப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, உதடு அசைய, வலது கை விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தார்.